பி சைடில் மிச்சம் நாலு நிமிஷம்

ஆவுடையப்பனுக்கு இடது பக்கத்துக் கீழ்த்தாடை காணாமல் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அது இருந்த இடத்தில் யாரோ ஆறிப்போன போண்டா ஒன்றை வைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. துழாவிப் பார்க்கலாம் என்றால் நாக்கிலும் பாதிதான் வீட்டில் இருந்தது, மற்ற பாதி வெளியூர் போயிருந்தது. டாக்டர் ரஹீமா ஊசியை எடுத்தபோதே, எதுக்கும்மா மருந்தை வீணாக்குறீங்க, பூரணம் போனதிலேருந்து ஐம்பத்து மூணு நாளா எனக்கு உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் மரத்துத்தானே கிடக்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் பூரணம் போனதையும் சொல்ல வேண்டும். போன வாரம் பல்லைக் காட்ட வந்தபோது, எப்படி ஐயா உடைஞ்சுது என்று டாக்டர் கேட்டதற்கு, வீட்டுக்காரி முறுக்கு சுட்டா டாக்டரம்மா, அரிசி மாவுன்னு நினைச்சு சிமெண்ட் மூட்டையைப் பிரிச்சுட்டா, தின்னது போக மிச்சத்தை வச்சு மாடிப்படிக்குத் தளம் போட்டிருக்கோம், வந்து பாருங்க என்று அவிழ்த்துவிட்டார். டாக்டரும், அங்கே சீட்டு எழுதுவதிலிருந்து கருவி கழுவுவது வரை எல்லாம் பார்க்கிற எஸ்தரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதில் சிமெண்ட்தான் பொய். முறுக்கு நிஜம். பூரணம் சாவதற்கு மூன்று நாள் முன்னால் சுட்டது. டப்பாவில் கிடந்ததை நாளைக்கு ஒன்று என்று கணக்காய்த் தின்றுகொண்டு வந்தார், நாளாக நாளாக அது கல்லாகிக்கொண்டு வந்தது, நாற்பத்தாறாம் நாள் முறுக்கு ஜெயித்துவிட்டது. இன்னும் இரண்டு பாக்கி. அதை இனி எந்தப் பல்லால் கடிப்பது என்ற யோசனையில்தான் அவர் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார், முகத்துக்கு நேரே விளக்கு, விளக்குக் கண்ணாடிக்குள் ஒரு செத்த கொசு.

ஜன்னல் திட்டில் சிம்னி விளக்கு மாதிரிக் குட்டையாய் ஒரு ஸ்பீக்கர். அதோடு சேர்ந்த போன் எஸ்தரின் கையில். "சினிமாப் பாட்டே போடக்கூடாதுன்னு டாக்டர் ஆர்டர் ஐயா. போட்டா நோயாளிங்க வாயைத் திறந்துகிட்டே கூடப் பாடுறாங்க. ஒருத்தர் இடுக்கியோட சேர்ந்து பல்லவி எடுத்துட்டார்" என்று சொல்லிவிட்டு எதையோ தட்டினாள். வயலின் வந்தது. ஆவுடையப்பன் கேட்கவில்லை. ஐம்பத்து மூன்று நாளாகக் காதுக்குள் போகிறது எல்லாம் மழைத்தண்ணீர் தகரத்தில் ஓடுகிற மாதிரி ஓடி விழுந்துவிடுகிறது. மகன் ஓசூரிலிருந்து போனில் பேசுகிறான், சரிப்பா என்கிறார், என்ன சரி என்று தெரியாது. கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்கள், மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, கல்லுப் பிள்ளையார்ல என்று அவர் காதுபடவே பேசினார்கள், அதுவும் தகரத்தில் ஓடிப் போனது. வயலின் மேலே ஏறியது, ஏறின இடத்தில் மாட்டிக்கொண்டது. அதே இடம். அதே இடம். அதே இடம். நாலாவது தடவை டக்கென்று தாவி ஓடியது. ஆவுடையப்பனின் வலது கால் கட்டைவிரல் தானாக ஆடியது. அந்தத் தாவல் அவருடையது. இசைத்தட்டில் ஊசி மாட்டியபோது தீக்குச்சியால் அவர்தான் நெம்பி விட்டார், நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து பதிய அன்றைக்குச் சோம்பல். உலகத்தில் அந்த வயலின்காரரின் தட்டு ஆயிரம் இருக்கலாம், தீக்குச்சி ஒன்றுதான்.

"இது என்ன லிஸ்ட் எஸ்தர்?" டாக்டர்தான் கேட்டார், அவருக்காகவே கேட்ட மாதிரி. "ஆவணியில் பிறந்த இசைமணிகள்னு போட்டிருக்கு மேடம். பழைய கேசட்டாம், துபாய்ல யாரோ ஏத்தி விட்டிருக்காங்க. அவங்க அப்பா பட்டாளத்துல இருந்தாராம், அவர் பெட்டியில கிடந்ததாம். அதுல இது பி சைடு." ஆவுடையப்பன் கொசுவைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடிக்குக் கீழே, ஆவுடை ரெக்கார்டிங் சென்டர். ஆட்கள் துண்டுச்சீட்டில் பாட்டு எழுதிக்கொண்டு வந்து கொடுப்பார்கள், இரண்டு நாளில் கேசட்டில் பதிந்து கொடுக்க வேண்டும். அது எல்லாக் கடையிலும் நடக்கிற சங்கதி. அவருடைய கடையின் விசேஷம் மாதக் கேசட். சித்திரையில் பிறந்த வித்வான்கள் ஒரு கேசட், வைகாசியில் பிறந்தவர்கள் ஒன்று, இப்படிப் பன்னிரண்டு. பிறந்த குழந்தைக்குப் பரிசாகக் கொடுக்க வாங்கிக்கொண்டு போவார்கள், நம்ம பயலும் அந்த மாசம்தான், பாடகனாக வருவான் என்று. அட்டையின் உள்பக்கம் ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு வரி. யாருக்கு எந்த மாதம் என்று அவருக்கு எங்கே தெரியும்? மார்கழியில் ஆள் குறைந்தால் தையிலிருந்து இரண்டு பேரைக் கழுத்தைப் பிடித்து இந்தப் பக்கம் தள்ளுவார். ஒரு நாகஸ்வரக்காரர் மூன்று மாதத்தில் பிறந்திருக்கிறார். ஜலதரங்கம் வாசிக்கிற அம்மாள் ஒருவர், கிண்ணத்தில் தண்ணீர் இல்லாத பஞ்ச காலத்தில் தன் கண்ணீரை நிரப்பி வாசித்தார் என்று எழுதினார். கோவில்பட்டியிலிருந்து ஒருத்தர் அதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே வந்து இன்னொரு கேசட் வாங்கிப் போனார்.

வயலின் முடிந்து நாகஸ்வரம் எடுத்தது. பதினோரு நிமிஷம். அப்புறம் ஜலதரங்கம் எட்டு. அப்புறம் பாகவதர் ஒருத்தர், இருமலோடு சேர்த்துப் பன்னிரண்டு. அப்புறம். ஆவுடையப்பன் அந்த அப்புறத்துக்குப் போகாமல் திரும்பி வந்து நாகஸ்வரத்தில் நின்றுகொண்டார். டாக்டர், "கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும், வலிக்காது" என்றார். தாடைக்குள் யாரோ கதவை நெம்பினார்கள். அடுத்த வீட்டில் நெம்புகிற மாதிரி இருந்தது. அப்புறம் நாலு நிமிஷம். தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் ஆவணிக்கு ஆள் போட்டு முடித்தபோது பி சைடில் நாலு நிமிஷம் மிச்சம். கேசட் வெறுமே ஓடினால் வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காது, காலி டிபன் பாக்ஸைக் கொடுத்த மாதிரிக் கொண்டு வந்து சண்டை பிடிப்பார்கள். கடை ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அடுப்பில் பால், அடுப்புக்கு முன்னால் பூரணம். அவள் மண்ணெண்ணெய் வரிசையில் நின்று நின்று அலுத்து, அந்த அலுப்பிலேயே ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தாள். வரிசையில நின்னேன், வாளியோட நின்னேன், வந்த எண்ணெய் எல்லாம் வாசலோட போச்சே என்று போகும். வார்த்தையைக் கேட்டால் சிரிப்பு வரும், மெட்டைக் கேட்டால் வராது. "பாடு" என்றார். "எனக்கு வேற வேலை இல்லையாக்கும்" என்றாள், பாடினாள். அட்டையை அன்று காலையிலேயே எழுதி வைத்திருந்தார்: ரங்கூன் குமாரி நீலலோசனி, பிறப்பு ஆவணி பதினேழு, பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர், வழியில் மதம் பிடித்த யானை ஒன்று இவர் பாட்டைக் கேட்டுத் தூங்கிவிட்டது, அது எழுந்திருப்பதற்குள் இவர் அஸ்ஸாம் வந்து சேர்ந்தார். பூரணம் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லையா? சிரித்தாளா? அந்த இடத்தில் ஊசி மாட்டிக்கொள்கிறது. அவள் கையில் அட்டை இருக்கிறது, அவள் வாய் திறக்கிறது, சத்தம் இல்லை.

சத்தம் இல்லை என்பதுதான் விஷயம். கருமாதி முடிந்து ஊரெல்லாம் கிளம்பிப் போன அன்று மத்தியானம், சோற்றைப் பிசையும்போது, அவள் 'ரசம் ஊத்தவா' என்று கேட்பாளே, அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். வார்த்தை வந்தது, குரல் வரவில்லை. முப்பது வருஷம் ஊரார் குரலையெல்லாம் பதிந்து விற்றவன் வீட்டில் பெண்டாட்டி குரல் ஒரு முழம்கூட இல்லை. மூலக் கேசட்டை ஒரு பட்டாளத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டார். லீவு முடிந்து செங்கோட்டை பாசஞ்சரைப் பிடிக்க ஓடுகிற மனுஷன், அன்றைக்கு ஆவணி நகல் ஒன்றும் கைவசம் இல்லை, கைக்கு வந்ததைக் கொடுத்தார், நகல் யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம் என்று. நகல்களுக்குப் பூஞ்சை பிடித்தது. கடையை மூடியபோது மிச்ச கேசட்டையெல்லாம் மூட்டை கட்டி ஆய்க்குடிக்காரர் ஒருவரிடம் தள்ளிவிட்டார், அவர் டேப்பை உருவிச் சோளக்காட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார், காற்றில் அது விர்ரென்று இரையும், காக்கை வராது. என் பெண்டாட்டி பாட்டுக்கு யானை தூங்குச்சு, காக்கா பறந்து போச்சு என்று பத்துக் கல்யாணத்தில் சொல்லியிருக்கிறார், பந்தியே குலுங்கும், பூரணமும் இலை போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டு போவாள். இறப்புச் சான்றுக்குப் போன இடத்தில் பிறந்த தேதி கேட்டார்கள். ஆதாரில் வருஷம் மட்டும்தான் இருந்தது. ஜாதகமும் கிடையாது, கோயிலில் பூக்கட்டிப் பார்த்துச் செய்த கல்யாணம். "மாசம் தேதி சொல்லுங்க பெரியவரே" என்று அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்தபோது, "ஆவணி பதினேழு" என்று வாய் சொல்லிவிட்டது. கை எழுதிக் கொடுத்துவிட்டது. வெளியே வந்து இளநீர் குடிக்கும்போதுதான் அது யார் பிறந்தநாள் என்று உறைத்தது. ஊரில் உள்ள வித்வானுக்கெல்லாம் மாதம் கொடுத்தவர். இவளுக்கு எந்த மாதம்?

"அவ்வளவுதான், வந்துட்டுது" என்றார் டாக்டர். தட்டில் டங் என்று விழுந்தது. ஜலதரங்கம் பாதியில் இருந்தது. "பாருங்க ஐயா, சிமெண்ட் முறுக்கு தின்ன பல்லு." எஸ்தர் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னாள். "எழுந்திரிச்சு வெளியில உக்காருங்க, அடுத்து இலத்தூர் அம்மா காத்திருக்காங்க." வெளியில் டி.வி. ஓடுகிறது, அங்கே யாரோ யாரையோ மருமகளே என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள், இந்த ஸ்பீக்கர் கதவைத் தாண்டாது. ஆள் மாறும்போது எஸ்தர் பாட்டை நிறுத்திவிடுவாள் என்பதையும் வந்தவுடனே பார்த்து வைத்திருந்தார். ஜலதரங்கம் நாலு நிமிஷம், பாகவதர் பன்னிரண்டு. பதினாறு நிமிஷம் இந்த நாற்காலியில் கிடக்க வேண்டும். ஆவுடையப்பன் எழுந்திருக்கவில்லை. வலது கையைத் தூக்கி, மரக்காத பக்கத்தில், மேல்வரிசையில், அவரிடம் இருப்பதிலேயே நல்ல கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினார். முகத்தைச் சுளித்தார். "அதுவுமா வலிக்குது?" தலையாட்டினார். டாக்டர் கண்ணாடியை விட்டுப் பார்த்தார், கம்பியால் தட்டினார். "நல்லா கிண்ணுனு இருக்கே ஐயா." ஆவுடையப்பன் ஆ என்று முனகினார். பச்சைத் தண்ணீர் பீய்ச்சினார்கள், துடித்தார். ஊதினார்கள், காலை உதைத்தார். பொய் சொல்வதற்கு வாய் தேவையே இல்லை என்பது எழுபத்து நாலு வயதில் தெரிய வந்தது. "எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துருவோம்" என்றார் டாக்டர். எஸ்தர் வெளியே தலையை நீட்டி, "கொஞ்சம் பொறுங்கம்மா, ஐயாவுக்கு இன்னொண்ணும் கழண்டிருக்கு" என்றாள். எக்ஸ்ரேக்குப் பொட்டியை நகர்த்தி, தகட்டை வாயில் திணித்து, அது வழுக்கி, மறுபடி திணித்து, அதற்குள் பாகவதர் வந்து இருமிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இந்தப் பல்லைப் பிடுங்கினாலும் பிடுங்கட்டும். பூரணம் கேட்டால் என்ன சொல்வாள்? என்ன சொல்வாள் என்பது தெரியும், எப்படிச் சொல்வாள் என்பதுதான் தெரியவில்லை. ஒருவேளை பாட்டு வந்து, அதைக் கேட்டும் தகரத்தில் ஓடுகிற மாதிரி ஓடிப் போய்விட்டால்? அந்த பயம் ஒன்றுதான் இந்த ஐம்பத்து மூன்று நாளில் அவருக்குச் சுரீரென்று பட்டது. பட்ட வேகத்தில் அதுவும் மரத்தது.

படத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே" என்று டாக்டர் சொல்லவும் பாகவதர் முடிக்கவும் சரியாக இருந்தது. அரை விநாடி இரைச்சல், ஒரு பாத்திரம் உருளுகிற சத்தம், வரிசையில என்று ஒரு குரல் தொடங்கவும் எஸ்தர் எட்டிப் போனைத் தொட்டாள். நின்றது. "இதை நான் எப்பவும் போட மாட்டேன் மேடம். சட்டி பானை உருட்டுற சத்தமா வரும். பர்மாக்காரி பாட்டாம். கீழே யாரோ புரொபசர் வேற எழுதியிருக்கார், அகதிங்க பாடுன மலைப்பாட்டு, அரிய பொக்கிஷம்னு." ஆவுடையப்பன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து எஸ்தரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அவள் பயந்துபோனாள். வாயைத் திறந்தால் பஞ்சும் ரத்தமும் கொழகொழவென்று ஒரு சத்தமும்தான் வந்தது. கையை எழுதுகிற மாதிரி ஆட்டினார். டாக்டர் மருந்துச்சீட்டையும் பேனாவையும் கொடுத்தார். எழுதினார்: அதைப் போடுங்கள். பாடுவது என் மனைவி. இறந்துவிட்டாள். டாக்டர் வாய்விட்டுப் படித்தார். எஸ்தர்தான் முதலில் சிரித்தாள். "ஐயோ, பல்லைப் பிடுங்கியும் ஐயா அடங்கலையே! போன வாரம் அம்மா சிமெண்ட் முறுக்கு சுட்டாங்கன்னீங்க, இன்னிக்கு பர்மாவுல பாடிட்டு செத்தே போயிட்டாங்களா? பொண்டாட்டியைச் சாகடிச்சு விளையாடாதீங்க ஐயா, பாவம்." அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆயுள் பூராவும் அவர் விதைத்து வைத்த பயிர் அது, நன்றாக விளைந்திருக்கிறது. சீட்டைத் திருப்பி, முழங்காலில் வைத்து, மறுபடி எழுதினார்: இரண்டாம் நிமிஷம் பால் பொங்கி அடுப்பில் விழும். ஒரு நாற்காலி சாயும். "நிறுத்தாத, நீ பாடு" என்று ஒரு ஆண் சொல்வான். அது நான். டாக்டர் அதையும் படித்தார், இந்தத் தடவை மெதுவாக. எஸ்தரைப் பார்த்தார். "போடு எஸ்தர்."

குரல் வந்தது. அவர் நினைத்திருந்ததைவிடச் சன்னமாக, கொஞ்சம் மூக்கால், வாளியோட என்கிற இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு. ஓ, இப்படியா. இவ்வளவு சின்னக் குரலா. முப்பத்திரண்டு வயது இருக்குமா, இல்லை, இருபத்தெட்டு. கொசு விளக்கில் அப்படியே இருந்தது. அவர் காத்திருந்தார், ஏதாவது நடக்கும் என்று, நெஞ்சில் ஏதாவது ஒன்று. நாகஸ்வரத்துக்கு என்ன நடந்ததோ அதுதான் இதற்கும் நடந்தது. கேட்டது, அவ்வளவுதான். வந்த எண்ணெய் எல்லாம். புஸ்ஸென்று பால் பொங்கியது, நாற்காலி தடால் என்றது, சின்னப் பையன் மாதிரி ஒரு குரல், "நிறுத்தாத, நீ பாடு" என்றது. காலடி ஓடிப்போனது. எஸ்தர் கையிலிருந்த கிடுக்கியைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தாள். பூரணம் கடைசி அடியைப் பாடி முடித்தாள். இந்த இடத்தில்தான் எல்லா நகலையும் அவர் நிறுத்துவார், சத்தத்தைக் குறைத்து, விரலை எடுத்து. இதற்கு அப்புறம் நாடாவில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் ஓடவிட்டுப் பார்த்ததில்லை, பால் பாத்திரத்தை இறக்கி வைத்து, விரலைச் சுட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது ரிக்கார்டர் தானாக நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். இரைச்சல் ஓடியது. அந்தக் குரல் பாட்டை விட்டுவிட்டு, ரிக்கார்டருக்குப் பக்கத்தில் வந்து, ரகசியம் சொல்கிற மாதிரிப் பேசியது. "குமாரி நீலலோசனியாம். கல்யாணம் ஆகி ஆறு வருஷமாச்சு, குமாரியாம்." ஒரு சிரிப்பு. "நான் பூரணம். ஆவணியாம்ல ஆவணி. நான் பொறந்தது மாசி. மகத்துக்கு மறுநாள், எங்கம்மா தேரோட்டம் பாத்துட்டு வந்து பெத்தாளாம். ஊரு பூரா கேட்டு எழுதுறாரு, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?" அப்புறம் தலையைத் திருப்பி, தூரத்துக்கு, "ஏங்க, பால் மிச்சம் இருக்கா, எல்லாம் போச்சா?" டக். நாடா முடிந்தது.

வெளியில் இலத்தூர் அம்மா இருமினாள். டாக்டர் பஞ்சை எடுத்து அவருடைய இடது கன்னத்தைத் துடைத்தார், வாய் ஒழுகியிருந்தது போலிருக்கிறது, அல்லது மேலேயிருந்து வந்த தண்ணீரா, மரத்த பக்கத்துக்கு அது தெரியவில்லை. வலது பக்கம் காய்ந்துதான் இருந்தது. "எப்ப ஐயா அம்மா தவறினாங்க?" என்று டாக்டர் கேட்டார். விரலால் ஐந்து காட்டி, மூன்று காட்டினார். "மன்னிச்சிருங்க ஐயா" என்றாள் எஸ்தர். "நான் தினமும் அதைத் தள்ளித் தள்ளி விட்டிருக்கேன். உங்க நம்பருக்கு அனுப்பிரட்டுமா?" ஆவுடையப்பன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். ரப்பர் பேண்ட் போட்ட பட்டன் போன். அதில் பேசத்தான் முடியும். "ரெண்டு மணி நேரத்துல மரப்பு இறங்கிரும், அப்புறம் நல்லா வலிக்கும், பயந்துராதீங்க, மாத்திரை எழுதியிருக்கேன்" என்றார் டாக்டர். தலையாட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவர் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரிடம் போனார். மாசி நாலு. ஒவ்வொரு தாளாக நுனியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார், எஸ்தர் கிழித்துவிடப் போகிறார் என்று பார்த்தாள், கிழிக்கவில்லை. ஒரு தாளில் மாசி மகம் என்று சிவப்பில் இருந்தது. அதற்கு அடுத்த தாளில் விரலை வைத்துக்கொண்டு திரும்பி, வலது பக்கத்து மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லைக் காட்டினார்.

"அது நல்ல பல்லு ஐயா" என்றார் டாக்டர். ஆவுடையப்பன் விரலை எடுக்கவில்லை. டாக்டர் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் நோட்டைப் பிரித்தாள். "காலையில பதினோரு மணிக்கு எழுதிக்கட்டுமா ஐயா? அன்னிக்கு வேற யாரையும் போடலை, முக்கால் மணி நேரம், பி சைடு பூராவும் உங்களுக்குத்தான்." பஞ்சைக் கடித்தபடியே அவர் பதினொன்றுக்குச் சரி என்று கை காட்டிவிட்டு, கதவைத் திறந்து, டி.வி. சத்தத்துக்குள் போனார். வீட்டில் இரண்டு முறுக்கு இருக்கிறது, அன்றைக்குப் பாலில் ஊறப்போட்டால் ஊறும்.